இணையப் படக்கதையும் நாள் தவறாமையும்

படக்கதை தமிழருக்குப் புதியதன்று. 'தினத்தந்தி' நாளிதழில் 1960ஆம் ஆண்டில் தொடங்கிய 'கன்னித்தீவு' பல்லாயிரம் நாள்கள் தொடர்ந்து வெளிவந்தது. முடிவின்றி நீளும் எதனையும் 'கன்னித்தீவு போல' என்று சொல்லும் வழக்கமே நம்மிடையே உண்டாகிவிட்டது. அக்கதையை நாள்தோறும் படித்தவர்கள் அதனைத் தேடிப் போகவில்லை. நாளிதழ் வாசலுக்கு வந்தது. அதனுள் கதையும் வந்தது. நேற்றைய இதழை இன்றைய இதழ் என்று எவரும் மயங்கியதில்லை. தாளின் தலைப்பிலேயே நாளும் கிழமையும் அச்சாகியிருக்கும் அன்றோ?

இணையத்தில் வெளிவரும் படக்கதையின் நிலை வேறு. இங்கே கதை வாசகரைத் தேடி வருவதில்லை. வாசகரே கதையைத் தேடி வருகிறார். வந்தவர் கண்முன் பழைய பக்கமே நின்றால், 'இன்று ஒன்றும் வரவில்லை போலும்' என்று எண்ணித் திரும்பிவிடுகிறார். உண்மையில் புதிய பக்கம் விடியற்காலையிலேயே வெளியாகியிருக்கலாம். ஆசிரியர் தம் கடமையைச் செய்துவிட்டார்; வாசகரும் நாள் தவறாமல் வந்துவிட்டார். எனினும் இருவரும் சந்திக்கவில்லை. இந்த முரண்பாடு எவ்வாறு உண்டாகிறது, அதனை எவ்வாறு நீக்கலாம் என்பதே நான் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நம் மாணவ நண்பர்களுள் படம் வரையும் ஆற்றல் உடையோர் பலர். அவர்களுள் சிலர் சொந்தமாகத் தளம் தொடங்கும் எண்ணமும் கொண்டுள்ளனர். கணிப்பொறியியல் பயிலாத அவர்களுக்கும் விளங்கும் வகையில் எழுத முயல்கிறேன்.

கிழமை என்னும் வாக்கு

படக்கதை ஆசிரியர் வாசகருக்கு அளிக்கும் முதல் வாக்கு, பக்கம் வெளிவரும் கிழமையாகும். அமெரிக்காவில் ராண்டல் மன்றோ 2005இல் தொடங்கிய 'எக்ஸ்.கே.சி.டி.' என்னும் படக்கதை திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று கிழமைகளில் வெளிவருவது வழக்கம். ஹோவர்ட் டெய்லர் என்பவர் 'ஷ்லாக் மெர்சினரி' என்னும் கதையை 2000 ஜூன் 12ஆம் நாள் தொடங்கி, 2020 ஜூலை 24ஆம் நாள் முடித்தார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒரு நாளேனும் அது தவறவில்லை. ஒரு மனிதர் நோயின்றி, பயணமின்றி, சோர்வின்றி இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார் என்று இதற்குப் பொருளா? இல்லை. வரைந்து முடித்த பக்கங்களை முன்கூட்டியே கையிருப்பில் வைத்திருந்தார் என்பதே பொருள்.

இந்தக் கையிருப்பை எளிய கணக்கால் முடிவு செய்யலாம். வாரத்திற்கு மூன்று பக்கம் என்று வாக்களிக்கும் மாணவர் ஒருவர், தேர்வுக்காக நான்கு வாரம் தூரிகையைத் தொடாமல் இருக்க நேரும் எனக் கொள்வோம். அவரிடம் பன்னிரண்டு பக்கங்கள் முடிந்த நிலையில் இருத்தல் வேண்டும். அத்தனை இயலாது எனின், வாரத்திற்கு ஒரு பக்கம் என்று வாக்களிப்பதே நன்று. அப்போது நான்கு பக்கங்கள் போதும். மூன்று சொல்லி இரண்டு கொடுப்பவரினும், ஒன்று சொல்லி ஒன்றே கொடுப்பவரை வாசகர் நம்புவர்.

நேரம் யாருடையது?

கிழமையைச் சொன்னால் போதாது. எந்த ஊர்க் கிழமை என்பதும் தெரிய வேண்டும். நாம் தளம் அமைக்க வாடகைக்கு எடுக்கும் வழங்கிகளின் கடிகாரம் பெரும்பாலும் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தையே காட்டும். இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. 'திங்கள் காலை 6 மணி' என்று எண்ணி, வழங்கியில் 6 மணி என்றே குறித்துவிட்டால், பக்கம் நம் நாட்டில் பகல் 11.30க்குத்தான் வெளிவரும். சரியாகக் குறிக்க வேண்டிய நேரம் 0.30 ஆகும். திங்கள் காலை 4 மணிக்கு வெளியிட எண்ணினால் இன்னும் கவனம் வேண்டும். அப்போது உலகப் பொது நேரம் ஞாயிறு இரவு 10.30. ஆகவே, மணியை மட்டுமன்றிக் கிழமையையும் மாற்றிக் குறிக்க வேண்டும்.

அமெரிக்கக் கதைகளைப் படிப்போர் மற்றொன்றையும் கண்டிருப்பர். நியூயார்க் நள்ளிரவில் வெளிவரும் பக்கம் நமக்குக் கோடையில் காலை 9.30க்கும், குளிர்காலத்தில் 10.30க்கும் கிடைக்கும். அந்நாட்டினர் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைக்கின்றனர். நாம் அவ்வாறு செய்வதில்லை. ஆதலின், வெளியீட்டு நேரத்தைப் பொது நேரத்தில் பதிந்து வைத்து, வாசகருக்குக் காட்டும்போது மட்டும் ஊர் நேரமாக மாற்றுவதே குழப்பமற்ற முறை.

குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானே செய்யும் 'கிரான்' என்னும் கருவி யூனிக்ஸ் வகை வழங்கிகளில் உண்டு. அதனிடம் 'திங்கள் 0.30க்குப் பக்கத்தை வெளியிடு' என்று பணிக்கலாம். ஆனால் அந்த நிமிடத்தில் வழங்கி நின்றிருந்தால் வேலை நடவாமலே போய்விடும். பின்னர் நினைவு கூர்ந்து செய்யும் வழக்கம் அதற்கு இயல்பாக இல்லை. எனவே நான் விரும்பும் முறை வேறு. ஒவ்வொரு பக்கத்திற்கும் அதன் வெளியீட்டு நேரத்தை எழுதி வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, 'நேரம் கடந்தும் வெளிவராத பக்கம் ஏதேனும் உண்டா?' என்று மட்டும் கிரான் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்று வந்தாலும் அடுத்த பார்வையிலேயே பக்கம் வெளியாகிவிடும்.

சேமிப்பறையின் இயல்பு

இதுவரை கூறியவை ஆசிரியர் பக்கத்துச் செய்திகள். இனி வாசகரின் பக்கத்திற்கு வருவோம்.

இணையப் பக்கத்தைக் காட்டும் உலாவி, தான் ஒருமுறை பெற்ற படங்களையும் பக்கங்களையும் வாசகரின் கணிப்பொறியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். இதனைக் 'கேஷ்' என்பர். தமிழில் எழுதினால் காசைக் குறிக்கும் சொல்லாகவே தோன்றும், பொருள் அதுவன்று. நான் இதனைச் சேமிப்பறை என்று குறிக்கிறேன். மாதத்திற்கு வேண்டிய அரிசியை ஒருமுறை வாங்கி அறையில் வைத்துக்கொண்டு, வேளைதோறும் கடைக்கு ஓடாமல் இருப்பது போன்றதே இது.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தளத்தின் தலைப்புப் படம், எழுத்துரு, அமைப்புக் கோப்பு ஆகியவை சேர்ந்து 300 கிலோபைட் எனக் கொள்வோம். புதிய வாசகர் ஒருவர் முதலிலிருந்து ஐம்பது பக்கங்களைப் படிக்கிறார். சேமிப்பறை இல்லையெனின் அந்த 300 கிலோபைட் ஐம்பது முறை வரும். ஏறத்தாழ 15 மெகாபைட் வீணாகும். சேமிப்பறை இருந்தால் ஒரே முறை வரும். அளவோடு கிடைக்கும் கைப்பேசி இணையத்தில் படிக்கும் விடுதி மாணவர்க்கு இது சிறிய உதவியன்று.

ஆயினும் அரிசிக்கு ஏற்றது பாலுக்கு ஏற்குமா? நேற்றைய பாலை அறையில் வைத்துக்கொண்டு இன்றும் அருந்த முடியாது. எப்பொருளை எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதை உலாவிக்குச் சொல்ல வேண்டியவர் தளத்தை நடத்துபவரே. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையில் இதற்காகவே 'கேஷ்-கண்ட்ரோல்' என்னும் தலைப்புவரி வகுக்கப்பட்டது. அதன் இன்றைய விதிகள் 2022 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 9111 என்னும் ஆவணத்தில் உள்ளன. அவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று.

'மேக்ஸ்-ஏஜ்' என்பது, 'இத்தனை விநாடி வரை என்னைக் கேளாமலே பயன்படுத்து' என்பதாகும். 'நோ-ஸ்டோர்' என்பது, 'சேமிக்கவே வேண்டா' என்பதாகும். 'நோ-கேஷ்' என்பது பலரை ஏமாற்றும் பெயர். சேமிக்காதே என்பது அதன் பொருளன்று. 'சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டே பயன்படுத்து' என்பதே பொருள். அவ்வாறு கேட்கும்போது உலாவி தன்னிடமுள்ள பக்கத்தின் 'ஈ-டேக்' என்னும் அடையாளக் குறியையும் அனுப்பும். பக்கம் மாறாதிருந்தால் வழங்கி 304 என்னும் எண்ணுடன் 'மாறவில்லை' என்று மட்டும் விடை தரும். முழுப் பக்கமும் மீண்டும் வராது. ஆகவே கேட்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? பலர் ஒன்றும் சொல்லாமல்தான் விடுகின்றனர். அப்போது உலாவி தானே ஊகிக்கும். பக்கம் கடைசியாக மாறி எத்தனை காலம் ஆயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்குக் காலம் வைத்திருக்கலாம் என்பது பரவலாகக் கொள்ளப்படும் ஊகம். இந்த ஊகம் படக்கதைக்கு எவ்வளவு பொல்லாதது என்பதைப் பாருங்கள். ஆசிரியர் இருபது நாள் விடுமுறை அறிவிக்கிறார். இருபதாம் நாள் மாலை வாசகர் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். மறுநாள் காலை கதை மீண்டும் தொடங்குகிறது. அந்த வாசகரின் உலாவியோ, 'இருபது நாளாக மாறாத பக்கம்; இரண்டு நாள் வைத்திருக்கலாம்' என்று முடிவு செய்துவிடக்கூடும். ஆசையோடு காத்திருந்தவருக்கே புதிய பக்கம் தாமதமாகிறது.

மாறுவதும் மாறாததும்

இச்சிக்கலுக்கு நான் கண்ட தெளிவான வழி ஒன்றே. தளத்திலுள்ள பொருள்களை மாறுவன, மாறாதன என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டிற்கும் ஒரே விதி கூடாது.

படம் மாறாதது. 125ஆம் பக்கத்தின் படம் என்றும் 125ஆம் பக்கத்தின் படமே. அதற்கு ஓராண்டு, அதாவது 3,15,36,000 விநாடி, மேக்ஸ்-ஏஜ் கொடுக்கலாம். 'இம்யூட்டபிள்', அதாவது மாறாதது, என்னும் சொல்லையும் உடன் சேர்க்கலாம். 2017இல் வகுக்கப்பட்ட இச்சொல்லை மதிக்கும் உலாவிகள், வாசகர் பக்கத்தைப் புதுப்பித்தாலும் அப்படத்தை மீண்டும் கேட்பதில்லை.

முகப்புப் பக்கம் மாறுவது. 'இன்றைய படம் இது' என்று சுட்டிக்காட்டும் கைகாட்டிப் பலகை அது. அதற்கு 'நோ-கேஷ்' கொடுக்க வேண்டும். சில கிலோபைட் அளவே உள்ள அப்பலகையை வாசகர் வரும்போதெல்லாம் சரிபார்த்துக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

இம்முறை பயன் தர ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பெயர் ஒரு படத்தையே குறிக்க வேண்டும். சிலர் ஒவ்வொரு நாளும் புதிய படத்தை 'இன்று' என்னும் ஒரே கோப்புப் பெயரில் பழையதன்மேல் எழுதிவிடுகின்றனர். அவர்களுக்கு வேலை எளிது; ஆனால் உலாவிக்கோ பெயர் பழையது, எனவே பொருளும் பழையதே. முகப்பில் புதிய தலைப்பும், அதன்கீழ் நேற்றைய படமும் தோன்றும் வேடிக்கை இதனால் விளைவது.

படத்தின் பெயரில் பக்க எண்ணுடன், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 'ஹாஷ்' என்னும் சுருக்கக் குறியையும் சேர்ப்பது சிறந்தது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அக்குறி மாறிவிடும். பெயரும் தானே மாறிவிடும். இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. வெறும் எண்ணை மட்டும் பெயராக வைத்தால், 125ஐப் படித்த குறும்பர் 126 என்று தட்டச்சு செய்து, கையிருப்பிலுள்ள நாளைய படத்தை இன்றே பார்த்துவிடுவார். கதையின் திருப்பம் விடுதி முழுதும் பரவிவிடும். குறி சேர்ந்த பெயரை ஊகிப்பது அரிது.

பல அமெரிக்கத் தளங்களில் உள்ளது போல, ஒவ்வொரு பக்கத்திற்கும் நிலையான எண்ணுள்ள முகவரியும் வேண்டும். முகவரி எண் வேறு, படத்தின் கோப்புப் பெயர் வேறு என்பதை மறத்தலாகாது. எண்ணுள்ள முகவரிக்கு வாசகர் முந்திக்கொண்டு வந்தால், 404, அதாவது 'இல்லை', என்னும் விடை செல்லும். அவ்விடையையும் சேமித்து வைக்க நெறிமுறை இடந்தருகிறது. இடையிலுள்ள விநியோக நிலையங்கள் சில நிமிடம் அதனை வைத்திருக்கவும் கூடும். எனவே 'இல்லை' என்னும் விடைக்கு 'நோ-ஸ்டோர்' கொடுப்பது நன்று. எக்ஸ்.கே.சி.டி.யில் 403க்கு அடுத்த கதை 405 ஆகும். 404 என்னும் முகவரிக்குச் சென்றால் 'இல்லை' என்ற விடையே வரும். மன்றோ அதனை நகைச்சுவையாகச் செய்தார். நம் தளத்தில் அது தற்செயலாக நேர்தல் கூடாது.

அறுந்து நிற்கும் சங்கிலி

பலர் கவனியாத இடம் ஒன்று உண்டு. பழைய பக்கங்கள் மாறுவதில்லை என்று நினைத்து, அவற்றின் எழுத்துப் பகுதிக்கும் ஓராண்டுச் சேமிப்பைக் கொடுத்துவிடுகின்றனர். உண்மையில் ஒரு பழைய பக்கம் கட்டாயம் மாறுகிறது. 125ஆம் பக்கம் வெளிவரும் நாளில், 124ஆம் பக்கத்தில் 'அடுத்தது' என்னும் பொத்தான் புதிதாகத் தோன்ற வேண்டும். அதுவரை கடைசிப் பக்கமாக இருந்த அதற்கு அப்பொத்தான் இல்லை.

நான் வழக்கமாகப் படிக்கும் தளம் ஒன்றில் இக்குறை இருந்தது. என் அறைத்தோழர் அத்தளத்தின் கடைசிப் பக்கத்தை அடையாளமிட்டு வைத்திருந்தார். அவ்வப்போது அதனைத் திறப்பார், 'அடுத்தது' இராது, 'இன்னும் எழுதவில்லை' என்று மூடிவிடுவார். மூன்று மாதம் இவ்வாறு கழிந்தது. கதை நின்றுவிட்டதென்றே அவர் நம்பினார். அதற்குள் நாற்பது பக்கங்கள் வெளிவந்திருந்தன. நான் கைப்பேசியில் காட்டியபோது அவர் அடைந்த வியப்பை விட, 'இதைப்போல் இன்னும் எத்தனை பேரோ!' என்று அவர் வருந்திச் சொன்னதே என் நெஞ்சில் நின்றது. வராத வாசகரை ஆசிரியர் எண்ணிப் பார்க்க முடியாது. தம் கதை பிடிக்கவில்லை போலும் என்று அவர் சோர்ந்துபோவார். ஒரு தலைப்புவரி செய்த பிழை, இரு பக்கமும் மனத்தாங்கலாக முடிகிறது.

ஆதலின், விதி இதுவே: படங்களுக்கு நெடுங்காலம், எழுத்துப் பக்கங்கள் அனைத்திற்கும், பழையதாயினும் புதியதாயினும், 'நோ-கேஷ்'.

திருத்தம் செய்யும் முறை

உரையாடலில் எழுத்துப் பிழை நேர்வதுண்டு. சில வேளை ஒருவர் மனத்தைப் புண்படுத்தும் சொல் இடம்பெற்று, உடனே நீக்க வேண்டியும் நேரலாம். அப்போது பழைய கோப்பின்மேல் புதியதை எழுதினால், ஏற்கெனவே பெற்றவர்களின் சேமிப்பறையில் பழைய சொல்லே ஓராண்டு வரை தங்கக்கூடும். விநியோக நிலையங்களில் உள்ள பிரதியை நாம் கட்டளையிட்டு அழிக்கலாம். வாசகரின் கணிப்பொறியில் உள்ளதை அழிக்க நமக்குக் கை நீளாது. விடுத்த அம்பு வில்லுக்குத் திரும்புவதில்லை.

திருத்திய படத்திற்குப் புதிய பெயர் இட்டு, எழுத்துப் பக்கம் அப்பெயரைச் சுட்டும்படி செய்தால், வாசகர் அடுத்த முறை அப்பக்கத்தைத் திறக்கும்போதே புதிய படம் வந்துவிடும். பழைய படம் அவர் சேமிப்பறையில் கிடந்தாலும் அதனைக் கேட்பார் இல்லை. பழைய கோப்பை வழங்கியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

ஆசிரியர் தம் தளத்தைத் தாமே பார்த்து 'சரியாக உள்ளது' என்று அமைதி கொள்வது போதாது. அவர் பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தியழுத்திப் பார்க்கிறார்; அப்போது உலாவி வழங்கியைக் கேட்கிறது. வாசகரோ இணைப்பைத் தொட்டு வருகிறார். அப்போது சேமிப்பறையில் உள்ளதே போதும் என்று உலாவி கருதலாம். இருவர் காண்பதும் ஒன்றாகாது. ஆகவே முதல் நாள் மாலை கைப்பேசியில் தளத்தைத் திறந்து வைத்து, மறுநாள் பக்கம் வெளியான பின் இணைப்பைத் தொட்டு மட்டும் மீண்டும் செல்ல வேண்டும். புதிய பக்கம் வருகிறதா? முந்தைய பக்கத்தில் 'அடுத்தது' தோன்றுகிறதா? இவ்விரண்டும் சரியெனின் தளம் சரி. வழங்கி அனுப்பும் தலைப்புவரிகளை உலாவியின் 'டெவலப்பர் டூல்ஸ்' பகுதியில் 'நெட்வொர்க்' என்னும் தலைப்பின்கீழ் நேரடியாகவே படித்துக்கொள்ளலாம்.

வெளியிட்ட நாளைப் படத்தின் அருகில் எழுதுவதும், அடுத்த பக்கம் வரும் நாளைச் சொல்வதும் நல்ல வழக்கம். அச்சிதழின் தலைப்பில் நாள் இருப்பது போலவே, தாம் பார்ப்பது பழையதா புதியதா என்று வாசகர் தாமே தெரிந்துகொள்வார்.

முடிவுரை

மாணவத் தோழர்களே! நான் இங்குக் கூறியவற்றுள் கடினமான கணிதம் ஒன்றுமில்லை. பெரும்பொருள் செலவும் இல்லை. நிறைவேற்றக்கூடிய கிழமையைச் சொல்லுதல், பொது நேரத்தில் பதிதல், படத்திற்கு மாறாப் பெயர் இடுதல், அதனைச் சுட்டும் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் செய்தல் ஆகிய நான்கே. ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடிய பணி.

தமிழில் படக்கதை வரையும் இளைஞர்க்குப் பதிப்பகமோ நாளிதழோ இடம் தராவிட்டாலும், இணையம் இடம் தருகிறது. தாயகத்திற்கு வெளியே பயிலும் நம் போன்றவர்க்குத் தமிழில் படிக்க ஒரு பக்கம் வாரந்தோறும் கிடைப்பது எத்தகைய மகிழ்ச்சி என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. இரவெல்லாம் விழித்து வரைந்த பக்கம், அதற்காகவே வந்த வாசகரின் கண்ணில் படாமல் போதல் கூடாது. வரையும் கையோடு, அதனைச் சேர்ப்பிக்கும் கலையையும் நம் நண்பர்கள் கற்றுக்கொள்வார்களாக. அவர்களுள் எவரேனும் தளம் தொடங்கினால், தலைப்புவரிகளைச் சரிபார்க்கும் வேலையை என்னிடம் ஒப்படைக்கலாம். மகிழ்வோடு செய்து தருவேன்.